சனிக்கிழமைக் குளியல்

அர்ப்பினேயை நான் முதலில் பார்த்தது புள்ளியியல் வகுப்பில். இருவருக்குமே அந்தப் பாடம் இரண்டாவது தடவை. முதல் தடவை நான் தோற்றிருந்தேன். அவள் பாதியில் விட்டிருந்தாள். இடைத்தேர்வு வாரத்தில் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள், என் குறிப்பேட்டில் போன வருடத்துத் தேதியைப் பார்த்துவிட்டு, “நீயும் பழைய குற்றவாளியா?” என்று ஆர்மீனிய மொழியில் கேட்டாள். அப்படித்தான் சிநேகிதம் ஆனோம்.

எங்கள் ஊர் கிளெண்டேல், ஆர்மீனியாவிலிருந்து வந்தவர்கள் நிறையக் குடியேறிய ஊர். எங்கள் சமுதாயக் கல்லூரியில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக நடக்கும் சண்டைகூட ஆர்மீனிய மொழியில்தான் நடக்கும். அங்கே இரண்டு வருடம் படித்து, தேவையான பாடங்களைத் தேவையான மதிப்பெண்ணோடு முடித்தால், பல்கலைக்கழகத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகி நேராக மூன்றாம் ஆண்டில் போய் உட்காரலாம். இரண்டு வருடம் என்பது காகிதத்தில். எனக்கு மூன்றரை ஆனது. அர்ப்பிக்கு ஐந்து.

அவளும் அவள் அம்மா ஷூஷானிக்கும் ஆர்மீனியாவில் உள்ள கியும்ரியிலிருந்து வந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. அப்பா அதற்கு முன்பே ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். ஷூஷானிக்கம்மா ஒரு தையல் கடையில் பேன்ட்டுகளைக் குட்டையாக்கியும் கோட்டுகளைப் பிரித்துத் தைத்தும் மகளை வளர்த்தார். பக்கவாதம் அவருடைய இடது பக்கத்தை எடுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு உளவியலாளர் வந்து, ஒரு வட்டம் போட்டுக் கொடுத்து, “இதில் கடிகாரம் வரையுங்கள்” என்றாராம். ஷூஷானிக்கம்மா பன்னிரண்டிலிருந்து ஆறு வரைக்கும் வலது பக்கத்தில் மட்டும் எண்களை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். முடிந்ததா என்று கேட்டதற்கு, முடிந்தது என்றார். இன்னொரு தடவை பாருங்கள் என்றதற்கு, “எங்க ஊர்ல கடிகாரம் இப்படித்தான் இருக்கும்” என்றார்.

“அம்மா பொய் சொல்லல நாசெலி,” என்று அர்ப்பி என்னிடம் சொன்னாள். “அவளுக்கு அது முழுக் கடிகாரம். இல்லாத பாதி இல்லைன்னு அவளுக்குத் தெரியவே இல்ல. அது எப்படி? தெரியலைங்கறது தெரியாம ஒரு ஆள் எப்படி இருக்க முடியும்?”

அதுவரை அவள் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பருவத்தில் உளவியலுக்கு மாறினாள். ஏற்கனவே முடித்த நான்கு பாடங்கள் வீணாயின. அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் எல்லோருக்கும் இது பெரிய வேடிக்கை. மூன்றாவது மாடி சிரானுஷ் மாடிப்படியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம், “மனசு சரியில்லைன்னா பக்கத்து வீட்டுக்காரியோட ஒரு காபி குடிச்சா போச்சு. அதுக்குப் போய் நாலு வருஷப் படிப்பா? எனக்கு அப்பவே பட்டம் கொடுத்திருக்கணும்டி!” என்பாள். ஷூஷானிக்கம்மா மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். “என் பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறா. தலைக்குள்ள பாக்குற டாக்டர்.”

ஏப்ரலில் கடிதம் வந்தது. டேவிஸில் உள்ள பல்கலைக்கழகம், உளவியல், மூன்றாம் ஆண்டு. பக்கத்தில் விண்ணப்பித்த இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை. டேவிஸ் வடக்கே இருக்கிறது. பேருந்தில் போனால் ஒரு முழுப் பகல்.

அவள் அம்மாவிடம் “பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சிருச்சும்மா” என்றாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அன்று சாயங்காலமே ரொட்டிக் கடையிலும் மருந்துக் கடையிலும் சொல்லியாகிவிட்டது. எல்லோரும் நகரத்தில் இருக்கிற பெரிய பல்கலைக்கழகம் என்றே எடுத்துக்கொண்டார்கள். காரில் நாற்பது நிமிடம். காலையில் போய் மாலையில் வரலாம்.

“சொல்லிடு,” என்றேன்.

“சொல்றேன்.”

“எப்போ?”

“ஒரு வழி பண்ணிட்டுச் சொல்றேன். வழி இல்லாம சொன்னா அது வெறும் பயமுறுத்தல்.”

வழி என்று அவள் நினைத்தது இதைத்தான். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், சம்பளம் கொடுக்கும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உதவி தேவை என்று அவர்களே வருடத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்த்துத் தீர்மானிப்பார்கள். ஷூஷானிக்கம்மாவுக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தது. பராமரிப்பாளர் என்ற இடத்தில் அர்ப்பியின் பெயர். உண்மையில் அவள் ஆறு மணி நேரம் பார்த்தாள்: குளிப்பாட்டுவது, உடுத்துவது, சமைப்பது, மருந்து, நடை, கழிப்பறை. இரண்டு மணி நேரத்துக்கு வெளியாள் யாரும் வரமாட்டார்கள். ஐந்தாக உயர்த்தினால் சிரானுஷ் வருவதாகச் சொல்லியிருந்தாள். யெரெவானில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். வாய்தான் நீளம், கை சுத்தம்.

கவுண்டியிலிருந்து வரும் நாள் மே பதினாறு. டேவிஸுக்குச் சம்மதம் சொல்லக் கடைசி நாள் ஜூன் ஒன்று.

“அன்னைக்கு நீயும் வா,” என்றாள் அர்ப்பி. “அம்மா உன் முன்னாடி கொஞ்சம் அடங்கி இருப்பா.”

நான் போனபோது காலை ஒன்பது.  மேசை முழுக்கச் சாப்பாடு. செர்ரி, உலர்ந்த ஆப்ரிகாட், பாலாடைக்கட்டி, வெண்ணெய் ரொட்டி, திராட்சை இலையில் கறி வைத்துச் சுருட்டிய டோல்மா ஒரு தட்டு. தரையில் முகம் பார்க்கலாம். ஷூஷானிக்கம்மா நீலப்பட்டு ரவிக்கையும் கம்மலும் போட்டு, செயல்படாத இடது கையை மடியில் ஒரு கைக்குட்டையால் மூடி, பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்க்கிற தாய் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“என்னடி இது?” என்று அர்ப்பியைச் சமையலறைக்குள் இழுத்துக் கேட்டேன்.

“காலைல அஞ்சு மணிலேர்ந்து என்னை விரட்டிட்டா. ‘வீட்டுக்கு ஒரு ஆள் வர்றா, வெறும் மேசையைக் காட்டுவியா’ன்னு ஒரே சத்தம். நான் சொன்னேன், ‘அம்மா, அவ விருந்தாளி இல்ல, உனக்கு எவ்வளவு முடியலைன்னு பாக்க வர்றா’ன்னு. அதுக்கு, ‘முடியலைங்கறதுக்காக மரியாதை தெரியாதவளா நான்?’ங்கறா.”

எங்கள் ஆட்களில் யாரும் இதற்கு விதிவிலக்கு இல்லை. என் அம்மாவும் இதைத்தான் செய்திருப்பாள். வரி அதிகாரி வந்தாலும் முதலில் காபி.

வந்தவர் பெயர் ஒலிவாரெஸ். நாற்பது வயதிருக்கும்; மடிக்கணினியும் ஒரு தண்ணீர்க் குப்பியும். மேசையைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். அர்ப்பி மொழிபெயர்க்கிறேன் என்றதும் தலையை ஆட்டி மறுத்தார். பராமரிப்புக்குச் சம்பளம் வாங்குபவரே மொழிபெயர்க்கக் கூடாதாம், விதி. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில், செர்ரிக்கும் டோல்மாவுக்கும் இடையில் வைத்தார். அதிலிருந்து ஒரு ஆண் குரல் வணக்கம் சொன்னது. லெபனான் பக்கத்து ஆர்மீனியன். எங்கள் மொழிதான், ஆனால் வேறு வழக்கு, தேவாலயப் பிரசங்கம் மாதிரி ஒலிக்கும்.

“பாதிரியாரைக் கூட்டிட்டு வந்திருக்காளா இவ?” என்றார் ஷூஷானிக்கம்மா.

குரல் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னது. ஒலிவாரெஸ் சிரித்தார். “அவர் இங்கே என்ன பேசினாலும், யார் பேசினாலும், எல்லாத்தையும் மொழிபெயர்ப்பார். எதையும் விட மாட்டார்,” என்றார். அதன் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை. அர்ப்பிக்கு உறைத்திருக்கிறது, அவள் முகம் மாறியது.

“உங்களுக்கு எங்கேயாவது வலி இருக்கா?”

“இல்ல கண்ணு. உன் வலி எனக்கு வரட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல.”

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை இதைச் சொல்வார்கள். கறிக்கடைக்காரரிடம் சொல்வார்கள், பேருந்து ஓட்டுநரிடம் சொல்வார்கள். செல்லமே என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் லெபனான்காரருக்கு அது பழக்கமில்லை போலிருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை சொன்னார்: “எனக்கு வலி இல்லை. உங்கள் வலியை நான் எடுத்துக்கொள்வேன்.”

ஒலிவாரெஸ் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். “என்னோட வலியையா? மத்தவங்க வலி உங்க உடம்புக்குள்ள வர்ற மாதிரி இருக்குமா? எவ்வளவு நாளா அப்படி இருக்கு?”

ஷூஷானிக்கம்மா அதைக் கேட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். “பாவம், இந்தப் பொண்ணுக்குத்தான் ஏதோ வலி போல. வந்ததுலேர்ந்து அதையே பேசுறா. அர்ப்பி, அவளுக்கு ஒரு மாத்திரை கொடு.”

நான் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். அர்ப்பி சிரிக்கவில்லை. “அது ஒரு பேச்சு வழக்கு, மேடம்,” என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். தொலைபேசி அதையும் ஆர்மீனிய மொழியில் ஒப்பித்தது.

பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. சமைக்க முடியுமா? முடியும். உடுத்த? பாருங்களேன், உடுத்தித்தானே உட்கார்ந்திருக்கிறேன். கழிப்பறைக்கு? இதெல்லாம் ஒரு கேள்வியா. குளிக்க யாராவது உதவுகிறார்களா?

“நானே குளிச்சுக்கறேன். தினமும்.”

“நானே குளித்துக்கொள்கிறேன். தினமும்,” என்றது தொலைபேசி.

ஒலிவாரெஸ் அர்ப்பி பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அர்ப்பி உண்மையைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் அம்மாவுக்குப் பாதிதான் புரியும் என்று நினைத்து வந்திருந்தாள். இப்போது அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், முன்பின் தெரியாத ஒரு ஆணின் வாயிலிருந்து, அம்மாவின் மொழியில், அம்மாவின் மேசைமேல் திரும்பி வரும். சொல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் என்பது ஒன்றாகக்கூடக் குறையலாம்.

அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது கெஞ்சலா மிரட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா பெருமைக்காகப் பொய் சொல்கிறாரா, அல்லது அந்தக் கடிகாரம் போல, குளிக்க முடியாத பாதி அவருக்குத் தெரியவே இல்லையா என்பதும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தானே அர்ப்பி படிக்கப் போகிறாள்.

“நான்தான் அவளைக் குளிப்பாட்டறேன்,” என்றாள் அர்ப்பி, தரையைப் பார்த்து. “புதனும் சனியும். அவளால தொட்டிக்குள்ள காலைத் தூக்கி வைக்க முடியாது.”

மொழிபெயர்ப்பாளர்கள் பேசுபவரின் இடத்திலிருந்தே பேசுவார்கள். கனத்த ஆண் குரல் ஆர்மீனிய மொழியில் சொன்னது: “நான்தான் அவரைக் குளிப்பாட்டுகிறேன். புதனும் சனியும்.”

ஷூஷானிக்கம்மாவின் முகம் கழுத்துவரை சிவந்தது. “யார்டா நீ என்னைக் குளிப்பாட்ட!” என்று தொலைபேசியைப் பார்த்துக் கத்தினார்.

குரல் தடுமாறியது. பிறகு அதையும் மொழிபெயர்த்தது.

“அவ பொய் சொல்றா,” என்றார் ஷூஷானிக்கம்மா, இப்போது மெதுவாக, ஒலிவாரெஸைப் பார்த்து. “மணி நேரம் கூட்டிக் கேக்கறா. என்னை யார்கிட்டயாவது தள்ளிவிட்டுட்டு எங்கேயோ போகப் பாக்கறா. ஒரு மாசமா எனக்குத் தெரியும். என் பொண்ணு முகம் எனக்குத் தெரியாதா?”

ஒலிவாரெஸ் மடிக்கணினியை லேசாக மூடினார். நல்ல மனுஷி, அவர் கேட்டது தவறான எண்ணத்தில் இல்லை. “நீங்க போக விரும்புறீங்களா?” என்று அர்ப்பியிடம் கேட்டார்.

 தொலைபேசியில் அந்த ஆள் மூச்சு விடுவது கேட்டது.

“ஆமா,” என்றாள் அர்ப்பி. “எனக்கு டேவிஸ்ல இடம் கிடைச்சிருக்கு. போகணும்னு ஆசை.”

“ஆம்,” என்றது குரல். “எனக்கு டேவிஸில் இடம் கிடைத்திருக்கிறது. போக ஆசைப்படுகிறேன்.”

 ஒலிவாரெஸ் கிளம்பும்போது ஷூஷானிக்கம்மா டோல்மாவை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். விதிப்படி வாங்கக் கூடாது என்று ஒலிவாரெஸ் சொன்னதற்கு, “அப்போ விதியைச் சாப்பிடச் சொல்லு,” என்றார். அதை மொழிபெயர்க்கத் தொலைபேசியில் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் அவர் மகளோடு பேசவில்லை. குளிக்கும்போதும் பேசவில்லை, கையைத் தூக்கு என்றால் தூக்குவார், அவ்வளவுதான். கவுண்டியின் முடிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மே முப்பத்தோராம் தேதி, முடிவு தெரியாமலே, அர்ப்பி கணினியில் சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினாள். நூலகத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்து. அழுத்திவிட்டு, “நான் ஜெயில்லேர்ந்து தப்பிக்கிற மாதிரி இல்ல நாசெலி, யாரையோ உள்ள வச்சுப் பூட்டிட்டு வர்ற மாதிரி இருக்கு,” என்றாள்.

 எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கப் போகிறவள் நான்தான். நகரத்தில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு நான் ட்ரான்ஸ்ஃபர் ஆனபோது, அப்பாவின் சிறுநீரக சிகிச்சைக்கு வாரம் மூன்று நாள் கூட்டிப்போக என் அக்கா இருந்தாள். அவள் படிப்பை விட்டவள். விண்ணப்பத்தில் ‘நீங்கள் கடந்து வந்த தடை என்ன’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். வறுமை, மொழி என்று என்னென்னவோ எழுதினேன். அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

ஜூன் நடுவில் முடிவு வந்தது. ஐந்து மணி நேரம். இனி பராமரிப்பாளரை மாற்ற ஒரு படிவம் வேண்டும். அதில் நோயாளியே பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அர்ப்பி படிவத்தை மேசைமேல் வைத்து, சிரானுஷ் என்று ஒரு துண்டுத்தாளில் ஆங்கிலத்தில் எழுதி, பார்த்து எழுதும்படி பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் ARPINE என்று இருந்தது. கீழே கையெழுத்து.

அவள் அந்தப் படிவத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். “மறந்துட்டாளா, வேணும்னு எழுதினாளா?”

“அவகிட்டயே கேளேன்.”

“கேட்டேன். ‘நீ சொன்ன பேரைத்தானே எழுதினேன்’ங்கறா.”

அர்ப்பி இன்னொரு படிவம் அச்செடுத்தாள். இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஷூஷானிக்கம்மா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினார், முடித்ததும் பேனாவை நீட்டி, “போதுமா?” என்றார். சாதம் போதுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

செப்டம்பர் கடைசியில் அர்ப்பி டேவிஸ் போனாள். கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சிரானுஷ் சமைத்தாள், துணி துவைத்தாள், மருந்து கொடுத்தாள், நடக்கவைத்தாள். குளியலுக்கு மட்டும் ஷூஷானிக்கம்மா சம்மதிக்கவில்லை. “அவ கையில என் உடம்பைக் கொடுத்தா சாயங்காலத்துக்குள்ள மூணு மாடிக்கும் என் முதுகு தெரிஞ்சுடும்,” என்றார். ஒற்றைக் கையால் ஈரத்துணி வைத்துத் துடைத்துக்கொண்டார். தோல் உரிந்து அக்குளில் புண் வந்தது. சிரானுஷ் போன் போட்டுச் சொன்னாள். அர்ப்பி அந்த வெள்ளிக்கிழமையே காலையில் பேருந்து ஏறினாள்.

அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அப்படித்தான். வெள்ளி காலை ஏறினால் மாலையில் கிளெண்டேல். சனிக்கிழமை அம்மாவைக் குளிப்பாட்டுவாள். ஞாயிறு திரும்பிப் போவாள். பேருந்தில் படித்தாள், பேருந்தில் கட்டுரை எழுதினாள். அவளோடு அறையில் இருந்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அவள் போட்டோவில் இருக்கமாட்டாள். “எங்க இருந்தாலும் நான் இன்னொரு இடத்துக்குப் போயிட்டிருக்கேன்,” என்று ஒரு முறை சொன்னாள். ஒரு பாடத்தில் தன்னாட்சி என்று ஒரு அத்தியாயம் இருந்ததாம். இளைஞர்கள் பெற்றோரிடமிருந்து பிரிந்து தனி ஆளாவதுதான் வளர்ச்சி என்று. “இதை எழுதினவனுக்கு அம்மா இல்லையா, இல்ல அவன் அம்மாவுக்கு இன்னொரு பொண்ணு இருந்தாளா?” என்று கேட்டாள்.  கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

பிப்ரவரியில், பக்கவாதம் வந்தவர்களோடு வேலை செய்கிற ஒரு ஆய்வகத்தில் இரண்டு மாணவர்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. மேற்படிப்புக்குப் போக இப்படி ஒன்று இல்லாமல் நடக்காது. அர்ப்பியைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி ஒரே நாள், சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து நான்கு. வராதவர் இடம் அடுத்தவருக்கு. அது அவள் ஊருக்கு வர வேண்டிய சனிக்கிழமை.

“நீ போய்க் குளிப்பாட்டுவியா?” என்று கேட்டாள். அவள் என்னிடம் ஏதாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

“போறேன்.”

“ஆகலைன்னா நான் கிளம்பி வந்துடறேன். புண்ணு மறுபடி ஆரம்பிக்குதுன்னு சிரானுஷ் சொன்னா. வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டாலும், சனிக்கிழமை மதியம் ஒண்ணு இருக்கு.”

“பயிற்சி பாதியில விட்டா?”

“விட்டா விட்டதுதான்.”

சனிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். ஷூஷானிக்கம்மா காபி தயாராக வைத்திருந்தார். தலைமுடியைச் சுருட்டி, அசையாதபடி ஏதோ தெளித்து, புதிதாகச் சாயம் ஏற்றியிருந்தார். சிரானுஷ் அதைக்கூடச் செய்துவிடுகிறாள் போலிருக்கிறது.

“ஷூஷானிக்கம்மா, தண்ணி சூடு பண்ணட்டுமா?”

“எதுக்கு?”

“குளிக்க. அர்ப்பி சொல்லியிருப்பாளே.”

“நீ யாரு எனக்கு? என் மகளோட சிநேகிதி. சிநேகிதிக்குக் காபி கொடுக்கலாம். முதுகைக் கொடுக்க முடியுமா? உக்காரு.”

கெஞ்சினேன். புண்ணைப் பற்றிச் சொன்னேன். “டாக்டர் மாதிரி பேசாதே, வீட்டுல ஒருத்தி போதும்,” என்றார். பதினோரு மணிவரை காபியும் பேச்சுமாகப் போனது. நான் மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது என் போன் அடித்தது. அர்ப்பி.

“இடைவேளை. அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. ஆச்சா?”

நான் ஷூஷானிக்கம்மாவைப் பார்த்தேன். அறை சின்னது, அவளுடைய குரல் அவருக்கும் கேட்டது.

“என்ன ஆச்சு? சொல்லு. ஒரு மணி பஸ்ஸுக்கு இப்பவே கிளம்பினாத்தான் பிடிக்க முடியும்.”

ஷூஷானிக்கம்மா வலது கையைத் தூக்கி, விரலால் என்னைச் சுட்டி, தலையை ஆட்டினார். ஆச்சுன்னு சொல்லு என்று அர்த்தம்.

அவர் சைகையில் சொன்னதை நான் ஏன் உடனே கேட்டேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவளுடைய ஆய்வகத்துக்காகவா? என் அக்காவுக்குச் செய்யாததை யாருக்காவது செய்துவிட்டேன் என்று எனக்கே காட்டிக்கொள்ளவா? “ஆச்சு,” என்றேன்.

“நிஜமா?”

“நிஜமா.”

“தலைக்கு ஊத்தினியா?”

“ஊத்தினேன்.”

 “வீடியோ போடு. நான் அம்மாவைப் பாக்கணும்,” என்றாள்.

“ஒரு நிமிஷம், சார்ஜர் எடுத்துட்டு வர்றேன்,” என்று ஏதோ உளறிவிட்டுப் போனைக் குப்புற மேசைமேல் வைத்தேன்.

ஷூஷானிக்கம்மா ஏற்கனவே எழுந்திருந்தார். கைத்தடியை ஊன்றி, இடது காலை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்தார். அந்தச் சாயம் ஏற்றிய, சுருட்டிய தலையை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் குனிந்து நீட்டினார். ஒரு கையால் தொட்டி விளிம்பைப் பிடித்தால் தண்ணீரைத் தலைக்கு ஏற்ற கையில்லை. விளிம்பை விட்டால் விழுவார். அப்படியே குனிந்து நின்றார்.

“என்ன வேடிக்கை பாக்கறே?” என்றார், தொட்டிக்குள்ளிருந்து. “ஊத்து. சீக்கிரம் ஊத்து. அவ பஸ்ஸைப் பிடிச்சுடுவா.”

நான் ஒரு குவளையை எடுத்து ஊற்றினேன். சாயம் கொஞ்சம் கரைந்து கழுத்தில் வழிந்தது. இன்னொரு கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன், அவர் தட்டிவிடவில்லை. துண்டைத் தோளில் போட்டு நாற்காலியில் உட்காரவைத்து, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“பாத்தியா?” என்றார் ஷூஷானிக்கம்மா. “உன் சிநேகிதி நல்லாத்தான் குளிப்பாட்டறா. உன்னைவிட மெதுவா. நீ உன் வேலையைப் பாரு.”

திரையில் அர்ப்பிக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர், யாரோ நடந்துபோகிற சத்தம். அவள் கண்ணைச் சுருக்கி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பார்த்தாள், எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது. பின்னால் யாரோ அவள் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டார்கள்.

“காதுக்குப் பின்னாடி சரியாத் துடைக்கல,” என்றாள். “நாசெலி, அங்கே ஈரம் நின்னா அவளுக்குப் புண்ணாகும்.”

“துடைச்சுடறேன்.”

“துடை. இப்பவே.”

துடைத்தேன்.

“சரி,” என்றாள். “நான் உள்ள போறேன். அடுத்த வெள்ளிக்கு டிக்கெட் போட்டுட்டேன்.”